மண்டேலாவின் ஒற்றை வாக்கும் ஊராரின் விலையில்லா வாக்குகளும்



நம் மாணவர்களுள் பலர் தேர்தல் என்பதை முதன்முதலில் அறிந்துகொள்வது பாடநூலில் அன்று, திரைப்படத்தில்தான். வேட்பாளர், கட்சிக்கொடி, ஒலிபெருக்கி, வாக்குப்பெட்டி, கள்ள வாக்கு என அனைத்தையும் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே அவர்கள் பார்த்துவிடுகின்றனர். தலைவன் என்றால் இப்படிப்பட்டவன், மக்கள் என்றால் இப்படிப்பட்டவர்கள் என்னும் எண்ணங்களும் படத்தோடு சேர்ந்தே அவர்கள் மனத்தில் இறங்கிவிடுகின்றன. ஆகவே, ஒரு தேர்தல் படத்தை நடிப்பு, பாடல், நகைச்சுவை ஆகியவற்றைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது நமக்குப் போதாது. அந்தப் படம் எந்த அரசியலைக் கற்பிக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

அவ்வகையில் நான் எடுத்துக்கொண்ட படம் 'மண்டேலா'. மடோன் அஸ்வின் இயக்கிய முதல் திரைப்படம் இது. யோகி பாபு முதன்மைப் பாத்திரத்தில் நடித்துள்ளார். 2021 ஏப்ரல் 4ஆம் நாள் விஜய் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகி, அதன்பின் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியானது. அப்பொழுது தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டே நாள்கள் இருந்தன. 68ஆவது இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த வசனம் ஆகிய இரண்டும் இப்படத்திற்குக் கிடைத்தன.

ஒற்றை வாக்கின் வலிமையைச் சொல்லும் படம் என்று பலரும் இதனைப் பாராட்டினர். அந்தப் பாராட்டு தவறில்லை. ஆயினும், இப்படம் நமக்குக் காட்டும் பெரிய உண்மை மண்டேலாவின் வாக்கைவிட, மற்ற ஊராரின் வாக்குகளைப் பற்றியது என்பதே என் கருத்து. அதனை விளக்கவே இக்கட்டுரை.

மீட்பர்களின் அரசியல்

முதலில் நம் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமான வேறு இரண்டு படங்களை நினைவுகூர்வோம்.

1999இல் ஷங்கர் இயக்கத்தில் வெளிவந்த 'முதல்வன்' படத்தில், ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருநாள் முதலமைச்சராகிறார். அந்த ஒரே நாளில் ஊழல் அதிகாரிகள் பணியிலிருந்து நீக்கப்படுகின்றனர். ஏழைகளின் குறைகள் தீர்கின்றன. பார்ப்பதற்கு விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், அதன் அரசியல் கருத்து என்ன? நாட்டிற்குத் தேவை ஒரு நல்ல மனிதர். அவர் கையில் அதிகாரம் முழுவதையும் கொடுத்துவிட்டால் போதும் என்பதே. விசாரணை, சட்டமன்றம், நீதிமன்றம் ஆகியவை எல்லாம் அங்கே நேரத்தை வீணாக்கும் தடைகளாகத் தோன்றுகின்றன.

2018இல் ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் வந்த 'சர்கார்' வேறொரு வாசல் வழியாக நுழைகிறது. வெளிநாட்டில் பெரிய நிறுவனம் ஒன்றை நடத்தும் செல்வந்தர் வாக்களிக்க ஊர் திரும்புகிறார். அவருடைய வாக்கை வேறொருவர் போட்டுவிட்டிருக்கிறார். அங்கிருந்து கதை தொடங்குகிறது. இப்படத்தால் ஒரு நன்மை விளைந்தது. இந்தியத் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள 49-பி விதியைப் பற்றி மக்கள் பரவலாகப் பேசத் தொடங்கினர். தம் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டால், உண்மையான வாக்காளர் தாம் யார் என்பதை மெய்ப்பித்துத் தனித் தாளில் வாக்களிக்க அவ்விதி இடமளிக்கிறது. அந்த வாக்கு வழக்கமான எண்ணிக்கையில் சேராது; முத்திரையிட்டுத் தனியே வைக்கப்படும்; பின்னர் நீதிமன்றம் கேட்டால்தான் அதற்கு உயிர் வரும். திரையில் காண்பது போல அது உடனே ஆட்சியை ஆட்டிவைக்கும் ஆயுதம் அன்று.

'சர்கார்' படத்திலும் விடிவு மேலிருந்தே வருகிறது. செல்வமும் அறிவும் நிறைந்த ஒருவர் வந்து மக்களைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. அரசு கொடுத்த இலவசப் பொருள்களை நெருப்பில் எறியும் காட்சி அப்படத்தில் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் பின்னர் நீக்கப்பட்டது. ஒரு மாவரைக்கும் இயந்திரம் ஓர் ஏழைப் பெண்ணின் காலைப்பொழுதை எவ்வளவு எளிதாக்கியது என்று அக்காட்சி கேட்கவில்லை. ஏழையின் ஆசையைப் பழிக்கும் அறவுரை அது.

இவ்விரு படங்களையும் பார்த்து வளரும் பிள்ளை என்ன எண்ணும்? அரசியல் என்பது வீரன் ஒருவன் வந்து செய்யும் வேலை. நாம் கைதட்டினால் போதும் என்றுதானே எண்ணும்?

பெயரில்லாத மனிதர்

'மண்டேலா' இதற்கு நேர்மாறான இடத்தில் தொடங்குகிறது. கதை நிகழும் ஊர் சூரங்குடி. வடக்கூர், தெற்கூர் என இரண்டாகப் பிளவுபட்ட சிற்றூர் அது. இரு பகுதியினரும் வெவ்வேறு சாதியினர். ஊர்த்தலைவரான பெரியவர் இரு சாதியிலும் பெண்ணெடுத்துச் சமநிலை காக்க முயன்றவர். அம்முயற்சியின் விளைவாக, இரு மனைவியரின் இரு மகன்களும் பகைவர்களாகின்றனர். ஊருக்கென்று கட்டப்பட்ட கழிப்பறைகூடச் சாதிச் சண்டைக்கு இரையாகிறது.

அவ்வூரின் முடிதிருத்துநருக்குப் பெயர் கிடையாது. 'இளிச்சவாயன்' என்று கூப்பிடுவார்கள். கொஞ்சம் அன்பு காட்டினால் 'ஸ்மைல்' என்பார்கள். மரத்தடியே அவருக்கு வீடு. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் திருடு போகிறது. அஞ்சலகத்தில் சேமிக்கலாம் என்று போனால், கணக்குத் தொடங்க அடையாளச் சான்று கேட்கிறார்கள். சான்றுக்குப் பெயர் வேண்டும். அங்கே பணிபுரியும் தேன்மொழி என்னும் பெண்தான் அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் சூட்டுகிறார்.

அந்தப் பெயரின் பொருத்தத்தை மாணவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலா பிறந்த ஆண்டு 1918. தம் நாட்டின் பொதுத்தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தது 1994 ஏப்ரல் 27ஆம் நாள். அப்பொழுது அவருக்கு வயது 75. பிறந்த மண்ணில் மனிதராக எண்ணப்படுவதற்கே முக்கால் நூற்றாண்டு காத்திருந்தவரின் பெயர், ஊராரால் மனிதராக எண்ணப்படாத ஒருவருக்குச் சூட்டப்படுகிறது.

படத்தின் முதல் அரசியல் கருத்து இங்கேதான் இருக்கிறது. வாக்குக்கு முன்னால் பெயர் வேண்டும். பெயருக்குச் சான்று வேண்டும். சான்று இல்லாதவர் அரசின் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது அயலூர்க் கதையன்று. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளியில் சேர வரும் பிள்ளையையும், சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்த பாட்டியையும் நாம் அறிவோம். அவர்கள் இந்த மண்ணில் பிறந்து, உழைத்து, வரிசையில் நின்று, பெயரில்லாமலே இருந்தவர்கள். மண்டேலாவின் கையில் வாக்காளர் அட்டை வந்து சேரும் தருணத்தின் அருமையை நம்மைக் காட்டிலும் நன்கு உணரக்கூடியவர் யார்?

அவர் வாக்குக்கு மட்டும் ஏன் மதிப்பு?

பெரியவர் நோயுற்று ஒதுங்க, மகன்கள் இருவரும் ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிடுகின்றனர். ஊரில் இரு தரப்பின் வாக்குகளும் சரிசமம். புதிதாகப் பட்டியலில் ஏறிய மண்டேலாவின் வாக்கே வெற்றியை முடிவு செய்யும் என்னும் நிலை. உடனே இருவரும் அவரை விருந்துக்கு அழைக்கிறார்கள், உடுத்தக் கொடுக்கிறார்கள், கடை வைத்துத் தருகிறார்கள், இறுதியில் அந்த வாக்கு ஏலத்துக்கே வந்துவிடுகிறது.

இப்படி நடக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரே வாக்கில் முடிவான தேர்தல்கள் இந்தியாவில் நடந்துள்ளன. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியில் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி ஒரே வாக்கில் தோற்றார். 2008இல் இராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே வாக்கில் தோற்றார். வாக்குகள் சரிசமமானால் அங்கே சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். ஆகவே கதையின் அடிப்படை நடக்காத ஒன்றன்று.

இனி, நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட கருத்துக்கு வருகிறேன். கணக்குப் பாடம் போலவே இதைப் பாருங்கள். வடக்கூரில் நூறு வாக்கு, தெற்கூரில் நூறு வாக்கு, நடுவில் மண்டேலாவின் ஒரு வாக்கு என்று வைத்துக்கொள்வோம். முடிவை மாற்றும் ஆற்றல் மண்டேலாவுக்கு மட்டுந்தானா இருக்கிறது? வடக்கூர்க்காரர் ஒருவர், 'என் தெருவில் விளக்குப் போடாதவருக்கு என் வாக்கு இல்லை' என்று சொல்லியிருந்தால் என்னவாகும்? தெற்கூரில் ஒரு தாய், 'என் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். பிறகு வாக்கைக் கேளுங்கள்' என்று சொல்லியிருந்தால் என்னவாகும்? அவர்களுடைய வாக்குக்கும் அதே மதிப்பு வந்திருக்கும். இருநூற்றொருவர் கையிலும் ஒரே திறவுகோல்தான் இருந்தது.

மற்ற இருநூறு பேரும் தத்தம் வாக்கைப் பிறக்கும்போதே கொடுத்துவிட்டவர்கள். அவர்களிடம் எந்த வேட்பாளரும் வந்து கெஞ்ச வேண்டியதில்லை. கெஞ்சாதவர் எதற்காகச் சாலை போடுவார்? சாதியின் பெயரால் உறுதியாகிவிட்ட வாக்கு, விலையில்லாமல் கைமாறிய வாக்கு. கழிப்பறை இல்லாமல், நல்ல சாலை இல்லாமல் அவ்வூர் கிடந்ததற்குக் காரணம் தலைவர்களின் பேராசை மட்டுமன்று. வாக்காளர்களின் மாறாத விசுவாசமும்தான். பெயரில்லாதவர் என்பதால் எந்தத் தரப்பிலும் சேர்க்கப்படாத ஒரே மனிதர்தான் அவ்வூரில் சுதந்திரமான வாக்காளர் ஆகிறார். ஒதுக்கிவைத்தவர்களே அவருக்கு அந்தச் சுதந்திரத்தைத் தெரியாமல் கொடுத்துவிட்டார்கள். படத்தின் கூர்மையான நகைச்சுவை இதுவே.

தமிழ்நாட்டு ஊராட்சித் தேர்தல்களின் வரலாற்றை அறிந்தவர்கள் இதை வெறும் நகைச்சுவை என்று தள்ளிவிடமாட்டார்கள். மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், தலித் என்பதற்காகவே 1997 ஜூன் 30ஆம் நாள் கொலை செய்யப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊராட்சிகளில், தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை, 2006இல்தான் நடந்தது. சாதி ஒரு வாக்கை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கும் என்பதற்கு இவை சான்றுகள்.

கையூட்டா, கோரிக்கையா?

படத்தின் நடுப்பகுதியில் மண்டேலா தமக்குக் கிடைப்பதையெல்லாம் வாங்கிக்கொள்கிறார். ஒருநாளும் வயிறார உண்ணாதவர் உண்கிறார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பிறகு, துன்பப்பட்டுத் தெளிந்தபின், அதே வாக்கைக் காட்டி ஊருக்கு வேண்டியவற்றைக் கேட்கத் தொடங்குகிறார். கழிப்பறை, சாலை, விளக்கு, பள்ளி எனப் போட்டி போட்டுக்கொண்டு இரு வேட்பாளர்களும் செய்கின்றனர்.

இந்த மாற்றமே படத்தின் உயிர். தனக்கென்று வாங்கிய பொருள் தன்னோடு தீர்ந்துவிடும். ஊருக்கென்று கேட்டது, கேட்டவரை இழிவாக நடத்தியவருக்கும் பயன்படும். மண்டேலாவைப் பின்வாசல் வழியாக மட்டும் வரச்சொன்ன வீட்டுப் பிள்ளையும் அந்த விளக்கின் கீழே படிக்கிறது. இறுதியில் அவருக்கு ஆபத்து என்றதும் ஊரார் திரண்டு வருவதன் காரணம் இதுதான்.

ஆனால், இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. வேட்பாளர் தம் பணத்தைச் செலவிட்டு, வாக்குப்பதிவுக்கு முன்பே சாலை போட்டுத் தருவது கையூட்டு இல்லையா? படம் இக்கேள்வியைக் கடந்து சென்றுவிடுகிறது. சட்டம் கடந்து செல்லவில்லை. படம் வெளிவந்தபோது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம், வாக்குக்காகப் பரிசு கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒருசேரக் குற்றவாளி என்றது. அதே பிரிவில் ஒரு விலக்கும் இருந்தது: பொதுக் கொள்கையை அறிவிப்பதும், பொதுச் செயலைச் செய்வதாக வாக்குறுதி தருவதும் குற்றமாகா. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் இவ்வேறுபாடு தொடர்கிறது.

நுட்பமான கோடுதான். ஆயினும் அறத்தின் கோடு. 'வென்றால் ஊராட்சிப் பணத்தில் சாலை போடுவேன்' என்பது வாக்குறுதி. அதை மறுநாள் கேள்வி கேட்கலாம். 'என் பணத்தில் இன்றே போட்டுத் தருகிறேன்' என்பது கடன். அதை அவர் பின்னால் வட்டியோடு எடுத்துக்கொள்வார். இரு மகன்களும் அப்பதவிக்கு அலைவது, வரப்போகும் பெருந்தொகைத் தரகுப்பணத்துக்காகத்தான் என்று படமே சொல்கிறது. அப்படியானால் அந்தச் சாலைக்கு உண்மையில் பணம் கொடுத்தவர் யார்?

2009இல் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு வாக்குக்குப் பணம் என்பது தமிழ்நாட்டில் ஒரு வாய்பாடாகவே பேசப்பட்டது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவையே நிறுத்தியது. இத்தகைய சூழலில், 'கேட்டு வாங்கு' என்று மட்டும் படம் சொன்னால் போதாது. யாருடைய பணம் என்றும் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை, இப்படத்தின் குறை இதுவே.

இன்னொன்றும் உண்டு. கதையின் எடை முழுவதும் தேர்தல் நாளோடு முடிந்துவிடுகிறது. வாக்களித்த மறுநாள் மண்டேலாவின் கையில் என்ன மிஞ்சும்? தமிழ்நாட்டில் ஊராட்சி வாக்காளர் அனைவரும் உறுப்பினராக உள்ள கிராம சபை என ஒன்று இருக்கிறது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் அது கூடுகிறது. வரவு செலவைக் கேட்கும் உரிமை அங்கே உண்டு. ஒருநாள் அரசனாக இருப்பதைவிட ஆண்டு முழுவதும் கேள்வி கேட்பவராக இருப்பது கடினம். ஊரை மாற்றுவது அதுதான்.

நமக்கு இதில் என்ன?

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் கிடையாது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை முற்றாக நீக்கிவிட்டது. நம் தாமானில் குப்பை அள்ளவில்லை என்றால் யாருக்கு வாக்களிப்பது என்னும் கேள்வியே நம் பிள்ளைகளுக்கு எழுந்ததில்லை. எனவே சூரங்குடித் தேர்தல் அவர்களுக்குப் புதுமையாகத் தோன்றும்.

ஆயினும், மண்டேலாவின் நிலை நமக்குப் புதிதன்று. எந்தவொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மையினர் அல்லர். பெரிய தரப்புகள் மோதும்போது 'வெற்றியை முடிவு செய்யும் வாக்கு உங்களுடையது' என்று நம்மிடம் சொல்கிறார்கள். தேர்தல் வந்தால் அரிசி மூட்டை வரும். கோவிலுக்கும் பள்ளிக்கும் மானிய அறிவிப்பு வரும். நமக்கு மட்டும் நடப்பதும் அன்று. 2010 மே மாதம் சிபு இடைத்தேர்தலில், தம் கூட்டணி வேட்பாளர் வென்றால் வெள்ளத் தடுப்புக்கு 5 மில்லியன் ரிங்கிட் தருவதாக அப்போதைய பிரதமர் நஜிப் மேடையில் பேரம் பேசினார். அவ்வேட்பாளர் 398 வாக்குகளில் தோற்றார். வடிகால் என்பது மக்களின் உரிமை. பரிசு அன்று என்று எண்ணியவர்களும் அந்த வாக்காளர்களுள் இருந்திருப்பார்கள்.

தமிழ்ப்பள்ளியின் கட்டடமும் அப்படித்தான். அது நாம் செலுத்தும் வரிப்பணத்தில் நமக்குச் சேர வேண்டியது. தேர்தலுக்கு முந்திய வாரத்தில் அதைப் பரிசாக நீட்டும்போது, நன்றி சொல்லி மாலை போடுவதற்கு முன், 'போன ஆண்டு ஏன் வரவில்லை? அடுத்த ஆண்டும் வருமா?' என்று கேட்கும் துணிவு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு வேண்டும். அதே வேளையில், காலங்காலமாக ஒரே பக்கம் நின்று, கேட்காமலே வாக்கைக் கொடுத்துவிடுவதும் தவறு. அவ்வாறு செய்தால் நாமும் வடக்கூராரும் தெற்கூராரும்தான்.

2021 டிசம்பர் 15 முதல் நம் நாட்டில் 18 வயது நிறைந்தவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். 2022 நவம்பர் 19இல் நடந்த 15ஆவது பொதுத்தேர்தலே அவர்கள் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல். இன்று ஆறாம் ஆண்டில் நம் முன்னே அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வயது மாணவனுக்கு அந்நாள் இன்னும் ஆறே ஆண்டுகளில் வந்துவிடும்.

ஆகவே, பெற்றோர்கள் இப்படத்தை முதலில் தாங்கள் பார்த்துவிட்டு, பிறகு மேல்நிலை மாணவர்களோடு சேர்ந்து பார்க்கலாம் என்று பரிந்துரைக்கிறேன். பார்த்தபின் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். மண்டேலாவுக்கு இருந்த ஆற்றல் ஊரில் வேறு யாருக்கெல்லாம் இருந்தது? அவர் தமக்காகக் கேட்டதற்கும் ஊருக்காகக் கேட்டதற்கும் என்ன வேறுபாடு? அந்தச் சாலைக்கு யாருடைய பணம் செலவானது?

ஆசிரியர்கள் வகுப்புத் தலைவர் தேர்தலில் இதைச் செய்துபார்க்கலாம். மிட்டாய் கொடுத்து வாக்குக் கேட்கும் மாணவன் எல்லா வகுப்பிலும் இருக்கிறான். அவனைக் கடிந்துகொள்வதோடு விட்டுவிடாமல், மிட்டாய் எத்தனை நிமிடத்தில் கரைந்தது, வகுப்பு நூல் மூலை எத்தனை மாதம் பயன்பட்டது என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். நண்பன் என்பதற்காக மட்டும் கையுயர்த்தியவர்களிடம், அந்த நண்பனிடம் எதைக் கேட்டாய் என்றும் விசாரியுங்கள்.

மீட்பர் வருவார் என்று காத்திருக்கும் தலைமுறையை உருவாக்க நாம் வகுப்பறைக்குப் போகவில்லை. தன் ஒரு வாக்கை யாருக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடாத, அதைக் கொண்டு பொதுநலனைக் கேட்கத் தெரிந்த குடிமகனை உருவாக்கவே போகிறோம். அன்பர்களின் கருத்துகளை அறிய ஆவலாக உள்ளேன்.